ஹுவே நகரின் தே மியூ: வியட்நாம் அரசர்களின் முன்னோர் கோயிலை ஊன்றிப் பார்க்க முழுமையான வழிகாட்டி

வியட்நாமின் ஹுவே நகருக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் அரண்மனை வளாகத்துக்குள் நுழைந்து, சிம்மாசனம் இருக்கும் தாய் ஹோவா மண்டபத்தைக் கூட்டத்தோடு கூட்டமாகப் பார்த்துவிட்டு, அப்படியே நேராக நடந்து பின்பக்கம் போய்விடுகிறார்கள். தென்மேற்கு மூலையில் நீளமாக, தாழ்வாக, மஞ்சள் ஓடு போட்டு நிற்கும் ஒரு கட்டடம் அவர்கள் கண்ணிலேயே படுவதில்லை. அதன் பெயர் தே மியூ, நுயென் வம்சத்து அரசர்களை வழிபடும் முன்னோர் கோயில். ஹுவேயில் ஒரே ஒரு இடம்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்று யாராவது என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். சிம்மாசன மண்டபம் அரசர் எவ்வளவு பெரியவர் என்று காட்டும், அவ்வளவுதான். தே மியூவுக்கு வந்தால் யாரை அரசராக ஏற்றுக்கொண்டார்கள், யாரை விட்டுவிட்டார்கள், விட்டவர்களில் யாரை எத்தனை வருடம் கழித்துத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள் என்ற கணக்கு முழுவதும் தெரியும்.

ஆனால் ஒன்றும் தெரியாமல் போனால் அது வெறும் பழைய மரக்கட்டடம், முன்னால் ஒன்பது பெரிய கொப்பரைகள், அவ்வளவுதான். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

போவதற்கு முன்: குடும்பக் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

நுயென் குடும்பம் திடீரென்று அரியணை ஏறிய குடும்பம் இல்லை. 1558-ல் நுயென் ஹோவாங் என்ற பிரபு, இன்றைய ஹுவே இருக்கும் துவான் ஹோவா பகுதியை ஆள வடக்கிலிருந்து வந்தார். அவருடைய அப்பா நுயென் கிம் அதற்கு முன்பே, 1545-ல் இறந்துவிட்டார். நுயென் ஹோவாங்கிலிருந்து தொடங்கி ஒன்பது பிரபுக்கள் தெற்கை ஆண்டார்கள், அரசர் என்ற பட்டம் வடக்கே லே வம்சத்திடமே இருந்தது. 1770களில் தாய் சோன் கிளர்ச்சி வந்தபோது குடும்பம் கிட்டத்தட்ட அழிந்தே போனது. தப்பிய இளைஞர் ஒருவர் கால் நூற்றாண்டு ஓடியும் போரிட்டும் 1802-ல் நாடு முழுவதையும் பிடித்து, கியா லாங் என்ற பெயரில் அரசரானார். அங்கிருந்து 1945 வரை 13 அரசர்கள்.

இப்போது கோயில் கணக்கு. இந்தக் குடும்பம் தன் முன்னோரை ஒரே கோயிலில் சேர்த்து வைக்கவில்லை, நான்காகப் பிரித்தது. குலத்தின் தலைவர் நுயென் கிம்முக்கு த்ரியூ மியூ. ஒன்பது பிரபுக்களுக்கு தாய் மியூ (ஓசை தமிழ்ச் சொல் போலக் கேட்டாலும் பொருளில் தொடர்பு கிடையாது). இந்த இரண்டும் 1804-ல் வளாகத்தின் கிழக்குப் பக்கம் எழுந்தன. கியா லாங்கின் அப்பாவுக்கு மேற்குப் பக்கம் ஒரு கோயில். அவர் தாய் சோன் காலத்துக்கு முன்பே, 1765-ல் இறந்தவர், ஒருநாளும் ஆளாதவர்.

1820-ல் கியா லாங் இறந்தார், மகன் மின் மாங் பட்டத்துக்கு வந்தார். அப்பாவுக்குக் கோயில் கட்ட வேண்டும். அவர் தேர்ந்தெடுத்த இடத்தில் தாத்தாவின் கோயில் ஏற்கெனவே நின்றது. என்ன செய்தார் தெரியுமா, தாத்தாவின் கோயிலை வடக்கே, பின்பக்கமாக நகர்த்திவிட்டு, முன்னால் 1821-22-ல் இன்னும் பெரிய கோயிலைக் கட்டினார். நகர்ந்தது ஹுங் மியூ ஆயிற்று, முன்னால் வந்தது தே மியூ. மரச்சட்டங்களைக் கோத்துக் கட்டும் வீடுகள் என்பதால் பிரித்து வேறிடத்தில் நிறுத்துவது அங்கே பெரிய அதிசயம் இல்லை. ஆனால் அதன் பொருளைக் கவனியுங்கள்: அரசர் வரிசை இனி முன்னால் நிற்கும், தந்தை வழி பின்னால் நிற்கும்.

பெயரையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். தே மியூ என்பது தே தோ மியூ என்பதன் சுருக்கம். அரசர் ஆளும்போது இருக்கும் பெயர் வேறு, இறந்த பிறகு வழிபாட்டுக்காக வைக்கும் பெயர் வேறு. கியா லாங்குக்கு அப்படி வைத்த பெயர் தே தோ, கூடவே காவ் என்ற சிறப்புப் பெயரும் உண்டு. இந்தக் காவ் என்ற சொல்லை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கொப்பரைகளிடம் போகும்போது தேவைப்படும்.

எப்போது போவது, என்ன எடுத்துப் போவது

ஹுவேயில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை கொட்டும், வெள்ளம்கூட வரும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வெயில் தாங்க முடியாது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வசதி. தனாங்கிலிருந்து வருகிறவர்கள் ஹாய் வான் கணவாயை ஒட்டிக் கடலோரமாக வரும் ரயிலைப் பிடியுங்கள், ஏறக்குறைய 100 கிலோமீட்டர், ஜன்னலோரம் கிடைத்தால் அதுவே ஒரு சுற்றுலா.

அரண்மனை வளாகத்துக்கு ஒரே டிக்கெட், தே மியூவுக்குத் தனியாக இல்லை. வெளிநாட்டுப் பெரியவர்களுக்குச் சமீப ஆண்டுகளில் 2,00,000 டோங் இருந்து வருகிறது. அரசர்களின் கல்லறைத் தோட்டங்களையும் சேர்த்துப் பார்க்கும் கூட்டு டிக்கெட்டும் உண்டு, இரண்டு நாள் தங்குகிறவர்களுக்கு அதுதான் லாபம். தோளும் முழங்காலும் மூடிய உடை போடுங்கள், எளிதில் கழற்றக்கூடிய செருப்பு போடுங்கள், ஏனென்றால் கோயிலுக்குள் காலணி கூடாது. தண்ணீர், தொப்பி, முடிந்தால் ஒரு சின்னப் பைனாகுலர். பைனாகுலரை நான் சும்மா சொல்லவில்லை, கூரை உச்சியில் வேலைப்பாடு நிறைய இருக்கிறது.

காலையில் திறந்தவுடன் போய்விடுங்கள், இல்லையென்றால் மாலை மூடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு. கூட்டம் குறைவு என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், வெயில் சாய்வாக விழும்போதுதான் கொப்பரைகளில் உள்ள புடைப்புச் சிற்பங்கள் எழுந்து நிற்கும். உச்சி வெயிலில் எல்லாம் ஒரே பச்சைக் கறுப்பாகத் தெரியும்.

படி 1: ங்கோ மோன் வாசலில் நுழைந்ததும் இடதுபக்கம் திரும்புங்கள்

தெற்கு வாசலான ங்கோ மோன் 1833-ல் கட்டியது. ஐந்து வழிகள், நடுவழி அரசருக்கு மட்டும். 1945 ஆகஸ்ட் 30 அன்று கடைசி அரசர் பாவோ டாய் முடி துறந்ததும் இதே வாசலின் மேல்மாடத்தில்தான். ஒரு நிமிடம் நின்று மேலே பாருங்கள். இந்த வழிகாட்டியில் பாவோ டாய் மறுபடி ஒருமுறை வருவார்.

உள்ளே குளமும் பாலமும் தாண்டினால் தாய் ஹோவா மண்டபம். பலரும் முதலில் அங்கே போவார்கள். நீங்கள் அதைப் பிறகு வைத்துக்கொண்டு, மேற்குப் பக்கமாக, அதாவது இடது கைப்பக்கம் நடங்கள். மரநிழல் உள்ள பாதைதான். கொஞ்ச தூரத்தில் மதில் சூழ்ந்த தனி வளாகம் வரும். அதன் தெற்கு வாசலுக்குப் பெயரே மியூ மோன், கோயில் வாசல். பக்க வாசல்கள் வழியாகவும் உள்ளே வரலாம், ஆனால் முடிந்தால் தெற்கிலிருந்து வாருங்கள். கட்டியவர்கள் நினைத்த வரிசையில் ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும் என்றால் அதுதான் வழி.

படி 2: ஹியென் லாம் காக்

உள்ளே வந்ததும் எதிரே மூன்று அடுக்கு மர மாடம். 17 மீட்டர் உயரம், தே மியூவோடு சேர்த்தே கட்டியது. வம்சத்தை நிலைநிறுத்தத் துணை நின்ற அமைச்சர்களுக்கும் தளபதிகளுக்கும் நன்றிச் சின்னமாக எழுப்பியது. வளாகத்துக்குள் இதைவிட உயரமாக வேறு எதுவும் கட்டக்கூடாது என்று வழக்கம் இருந்ததாகச் சொல்வார்கள். அரசரின் சிம்மாசன மண்டபமே உயரத்தில் இதற்குக் கீழே. துணை நின்றவர்களுக்கு இப்படி ஒரு மரியாதை கொடுத்தது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

மாடத்தின் இரு பக்கமும் மதிலில் வாசல்கள், அவற்றின் மேல் ஒன்றில் மணி, ஒன்றில் முரசு. முன்முற்றத்தில் இருபுறமும் உள்ள சிறு கட்டடங்களில் அந்தத் துணைவர்களுக்கே வழிபாடு நடந்தது. மாடத்தின் அடியில் நின்று தூண்களையும் கைப்பிடி வேலைப்பாட்டையும் பாருங்கள், பிறகு அதைத் தாண்டி வடக்குப் பக்கம் வாருங்கள். அடுத்ததுதான் முக்கியம்.

படி 3: ஒன்பது கொப்பரைகள், இங்கே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்

மாடத்துக்கும் கோயிலுக்கும் நடுவே உள்ள முற்றத்தில் ஒன்பது வெண்கலக் கொப்பரைகள் நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மூன்று கால், இரண்டு காது, ஆள் உயரத்துக்கு மேல், ஏறக்குறைய இரண்டு டன் முதல் இரண்டரை டன்னுக்கும் சற்று மேல் வரை எடை. மின் மாங் ஆட்சியில் 1835-ன் முடிவில் வார்ப்பு தொடங்கியது, 1837-ல் இங்கே நிறுத்தினார்கள். இடையில் இத்தனை போர் வந்தும் இவை இடம் மாறவில்லை. சமையலுக்கும் இல்லை, தூபம் போடவும் இல்லை. பழைய சீன மரபில் ஒன்பது கொப்பரை என்றால் நாட்டின் மீதுள்ள ஆட்சியுரிமைக்கு அடையாளம், அந்த மரபைத்தான் மின் மாங் எடுத்துக்கொண்டார்.

முதலில் வரிசையைப் பாருங்கள். எட்டு கொப்பரைகள் ஒரே கோட்டில் நிற்கும், ஒன்று மட்டும் நடுவில், வரிசையை விட்டு மூன்று மீட்டர் போல விலகி முன்னே நிற்கும். அதன் பெயர் காவ். நான் மனதில் வைக்கச் சொன்ன அதே காவ், கியா லாங்கின் கொப்பரை. மற்றவை ஞான், சுவோங், ஆன், ங்கி, துவான், துயென், யு, ஹுயென். பெயர்கள் சீன எழுத்தில் கொப்பரையின் உடம்பிலேயே இருக்கும், மறுபுறம் மின் மாங் ஆட்சியின் 16-ஆம் ஆண்டு என்று வார்ப்பு ஆண்டும் இருக்கும்.

இந்தப் பெயர்களில்தான் விஷயம் இருக்கிறது. மின் மாங் வார்த்தபோது இறந்திருந்த அரசர் ஒருவர்தான். மீதி எட்டுப் பெயர்கள் இனிமேல் வரப்போகிறவர்களுக்கு. அவர் இறந்தபோது அவருக்கே ஞான் என்ற சொல் சிறப்புப் பெயரில் வந்தது. தியூ திரிக்கு சுவோங், து டுக்குக்கு ஆன், கியென் ஃபுக்குக்கு ங்கி, டோங் கானுக்கு துவான், காய் டின்னுக்கு துயென். அதாவது இன்னும் பிறக்காத கொள்ளுப்பேரன்களுக்கும் பெயரை முன்கூட்டியே வெண்கலத்தில் வார்த்து வைத்துவிட்டார். எண்ணிப் பாருங்கள், ஏழு ஆயிற்று. யு, ஹுயென் இரண்டும் மீதி. அவற்றுக்கு எந்த அரசரும் வந்து சேரவில்லை, வம்சம் அதற்குள் முடிந்துவிட்டது. அந்த இரண்டு கொப்பரைகளின் முன்னாலும் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

அப்புறம் சிற்பங்கள். ஒரு கொப்பரைக்கு 17 படங்கள் வீதம் மொத்தம் 153. வானம், கடல், மலை, ஆறு, கால்வாய், விலங்கு, பறவை, மீன், மரம், பூ, பழம், தானியம், கீரை, கப்பல், ஆயுதம் என்று அன்றைய நாட்டையே தெற்கிலிருந்து வடக்கு வரை ஒன்பது பாத்திரத்தில் அடக்கியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்து முடிக்க நினைக்காதீர்கள், களைத்துப்போவீர்கள். நான் சொல்லும் முறை இது: முதல் மூன்று கொப்பரைகளை மட்டும் முழுதாகச் சுற்றி வாருங்கள், மற்றவற்றில் கண்ணைக் கவர்வதை மட்டும் பாருங்கள்.

காவ் கொப்பரையில் சூரியன், கிழக்குக் கடல், டிராகன், புலி, ஒரு வகைக் காட்டுக்கோழி, ஆமை, நெல், வெங்காயம், அகில் மரம், பலாப்பழம், பல பாய் கட்டிய கப்பல், பெரிய பீரங்கி. பலாவைத் தேடிப் பாருங்கள், நமக்கு உடனே அடையாளம் தெரியும். அதே கொப்பரையில் வின் தே கால்வாயும் இருக்கிறது. மேகாங் கழிமுகத்தில், கம்போடிய எல்லையை ஒட்டி, 1819 முதல் 1824 வரை கட்டாய வேலைக்கு ஆள் பிடித்து வெட்டியது, வெட்டியவர்களில் நிறையப் பேர் செத்துப்போனார்கள். வெண்கலத்தில் அது அழகான அலைக்கோடாக மட்டும் தெரிகிறது.

ஞான் கொப்பரையில் நிலா, தெற்குக் கடல், மயில், சிறுத்தை, தாமரை, ஒட்டரிசி நெல். இதில்தான் ஹுவேயின் சொந்த ஆறும் மலையும் உள்ளன: நகரை வகுந்து ஓடும் ஹுவோங் ஆறு, தெற்கே நகருக்குத் திரைபோல் நிற்கும் ங்கூ பின் மலை. மின் மாங் தன் தலைநகரைத் தனக்கு வரப்போகும் கொப்பரையிலேயே வைத்துக்கொண்டார் என்பது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை. சுவோங் கொப்பரையில் ஐந்து கிரகங்கள், மேற்குக் கடல், சேவல், காண்டாமிருகம், முதலை, மல்லிகை, மாம்பழம், பாசிப்பயறு, ஏலம், துப்பாக்கி. வேறு ஒன்றில் பாக்கு. அரண்மனைப் பொருள் என்று நினைத்துக் குனிந்தால் சமையலறையும் தோட்டமும் வந்து நிற்கும். அரசரின் கோயில் வாசலில் வெங்காயத்துக்கு இடம் கொடுத்த மனசு எனக்கு எப்போதும் ஆச்சரியம்தான்.

நெருங்கிப் பார்த்தால் ஒன்பதும் ஒரே அச்சு இல்லை என்றும் தெரியும். காதுகளில் சில முறுக்கிய கயிறு போல, சில தட்டையாக, கால்களும் வேறு வேறு. சில இடங்களில் போர்க்காலக் குண்டு பட்ட வடுக்களும் உண்டு. 2024 மே மாதம் இந்தச் சிற்பங்களையும் எழுத்துகளையும் யுனெஸ்கோ தனது உலக நினைவுத் திட்டத்தின் ஆசிய-பசிபிக் பட்டியலில் சேர்த்தது. தொட்டுப் பார்க்க ஆசை வரும், தொடாதீர்கள். கை வியர்வை வெண்கலத்துக்கு நல்லதில்லை, குழந்தைகளைக் காலில் ஏறவும் விடாதீர்கள்.

படி 4: கோயிலை வெளியிலிருந்து

இப்போது வடக்கே திரும்புங்கள். முற்றத்தில் செங்கல் பாவிய தரை, வரிசையாகக் கல் பீடங்களில் பூத்தொட்டிகள், இருபுறமும் சிறு கூரையின் கீழ் கிலின் என்னும் புராண விலங்கின் உருவங்கள் இரண்டு. எதிரே தே மியூ, ஏறக்குறைய 55 மீட்டர் அகலம், 28 மீட்டர் ஆழம். இவ்வளவு அகலமாக இருந்தும் மிரட்டாது, ஏனென்றால் உயரம் குறைவு.

பக்கவாட்டில் போய் கூரையைப் பாருங்கள். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கூரைகள் தெரியும். உண்மையில் இவை இரண்டு வீடுகள், முன்வீட்டையும் பின்வீட்டையும் ஒட்ட வைத்து ஒரே கூடமாக்கியது. ஹுவே அரண்மனைக் கட்டடங்களுக்கே உரிய முறை இது. ஒரே பெரிய கூரை போட்டால் மரம் அவ்வளவு நீளம் வேண்டும், கூரை மிக உயரமாகிப் புயல் காற்றில் அடி வாங்கும். இரண்டாகப் பிரித்தால் உள்ளே இடம் பெரிது, வெளியே உயரம் அடக்கம். இரண்டு கூரையும் சேரும் பள்ளத்தில் விழும் மழைநீரை வாய்க்கால் வைத்து வெளியேற்றிவிடுவார்கள். கூரை உச்சி நடுவில் சுரைக்குடுவை வடிவம் ஒன்று இருக்கும், செம்பின் மேல் வண்ணப் பற்சிப்பி இட்ட வேலை. பைனாகுலர் கேட்டது இதற்குத்தான்.

படி 5: உள்ளே, வரிசை தெரிந்து பாருங்கள்

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வாருங்கள். படம் எடுக்கக் கூடாது என்று எழுதியிருக்கும், யாரும் பார்க்கவில்லை என்றாலும் எடுக்காதீர்கள். இது காட்சிக்கூடம் ஆகிவிடவில்லை, குடும்பத்தினர் இன்றும் சந்திரக் கணக்குப்படி, நம் திதி போலவே, அரசர்களின் நினைவு நாட்களில் இங்கே வந்து படைக்கிறார்கள்.

கண் இருட்டுக்குப் பழகட்டும். சிவப்பும் தங்கமுமாக அரக்குப் பூசிய தூண்கள். மேலே, இரண்டு வீடுகளும் சேரும் இடத்தில் நண்டு ஓடு போல வளைந்த மரக்கூரை, வெளியே பார்த்த அந்தப் பள்ளத்தை உள்ளிருந்து மறைப்பது இதுதான். நுணுக்கமாகச் செதுக்கியிருக்கிறார்கள்.

பின்வீட்டில் வரிசையாகப் பலிபீடங்கள், ஒவ்வொன்றும் ஓர் அரசருக்கு. நடுவில் கியா லாங், இரண்டு அரசிகளோடு. அடுத்தவர் இடம், அதற்கடுத்தவர் வலம் என்று மாறி மாறி வைத்துக்கொண்டே போவது பழைய முறை. இங்கேதான் பலரும் குழம்புவார்கள், இடம் வலம் என்பது உங்களுக்கு இல்லை, உட்கார்ந்து தெற்கே பார்க்கும் முன்னோருக்கு. அதனால் முதல் இடமான மின் மாங் உங்கள் வலது கைப்பக்கம் இருப்பார், தியூ திரி இடது கைப்பக்கம். பிறகு வலப்பக்கம் து டுக், இடப்பக்கம் கியென் ஃபுக், வலம் டோங் கான், இடம் காய் டின். வெளியே கொப்பரைகளும் இதே ஒழுங்கில்தான். முற்றத்தில் ஏழு எண்ணியது ஞாபகம் இருக்கிறதா, அந்த ஏழு பேர் இவர்கள்.

ஆனால் பலிபீடங்களை எண்ணினால் பத்து வரும்.

இந்த மூன்று எங்கிருந்து வந்தன என்பதுதான் தே மியூவின் கதையிலேயே எனக்கு நெருக்கமான பகுதி. ஹாம் ங்கி 1884-ல் பதின்ம வயதில் அரசரானவர். 1885 ஜூலையில் தலைநகர் பிரெஞ்சுப் படையிடம் விழுந்ததும் மலைக்குப் போய், அரசருக்குத் துணை வாருங்கள் என்று நாட்டை எழுப்பும் ஆணை அவர் பெயரில் வெளிவந்தது. 1888-ல் பிடிபட்டார், அல்ஜீரியாவுக்கு நாடுகடத்தினார்கள், ஊர் திரும்பவே இல்லை. தான் தாய் என்ற அரசர் 1889 முதல் 1907 வரை ஆண்டார், பிரெஞ்சுக்காரர்களுக்கு அடங்காததால் இறக்கப்பட்டார். அவர் மகன் யுய் தான் என்பவர் ஏழு வயதில் அமர்த்தப்பட்டார், சின்னப் பையன் என்றால் சொன்னபடி கேட்பான் என்று நினைத்தார்கள். அந்தப் பையன் 1916 மே மாதம் ஒரு எழுச்சித் திட்டத்தில் சேர்ந்து அரண்மனையை விட்டு வெளியேறினார், பிடிபட்டார். அப்பாவையும் மகனையும் சேர்த்து இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவுக்கு அனுப்பினார்கள்.

இவர்கள் மூவருக்கும் தே மியூவில் இடம் இல்லை. ஹாம் ங்கிக்குப் பதிலாகப் பிரெஞ்சு ஆதரவோடு அமர்த்திய டோங் கானுக்கும், யுய் தானுக்குப் பதிலாக அமர்த்திய, டோங் கானின் மகன் காய் டின்னுக்கும் இடம் இருந்தது. வம்சம் முடிந்து பத்து வருடத்துக்கும் மேல் கழித்து, 1950களின் கடைசியில்தான், குடும்பத்தினர் இந்த மூவரையும் உள்ளே கொண்டுவந்து பலிபீடம் வைத்தார்கள். மூவருக்கும் வெளியே கொப்பரை கிடையாது. முற்றத்திலோ யு, ஹுயென் இரண்டும் ஆள் இல்லாமல் நிற்கின்றன. இந்த இரண்டையும் மனதில் ஒன்றாக வைத்துக்கொண்டு அந்த மூன்று பலிபீடங்களின் முன் நின்று பாருங்கள், வேறு எந்த விளக்கப் பலகையும் தேவைப்படாது.

13 அரசர்களில் மீதி மூன்று பேர் இன்னும் வெளியேதான். 1883-ல் து டுக் இறந்த பிறகு யுக் டுக் மூன்றே நாளில் இறக்கப்பட்டுச் சிறையில் பட்டினியில் செத்தார். அடுத்து வந்த ஹியெப் ஹோவாவை நான்கு மாதத்தில் விஷம் குடிக்க வைத்தார்கள். மூன்றாவது, முடி துறந்து 1997-ல் பாரிஸில் இறந்த பாவோ டாய்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். அரசர் காலத்தில் தே மியூவின் சடங்குகளில் பெண்கள் கலந்துகொள்ள முடியாது, அரசிக்கே அனுமதி இல்லை. கியா லாங்கின் பக்கத்தில் அரசிகளை வைத்து வழிபடுவார்கள், உயிரோடு இருக்கும் அரசி வாசலைத் தாண்டக் கூடாது. பெண்கள் தங்கள் மாமனாரையும் கணவரையும் வழிபட ஃபுங் தியென் என்ற தனிக் கோயில் இருந்தது. இந்தப் பக்கத்திலிருந்து வடக்கே நடந்தால் அதன் வாசல் வரும், அழகான வாசல்தான், உள்ளே போனால் வெறும் தரை. 1947-ல் எரிந்துபோனது.

படி 6: பின்னால் ஹுங் மியூ, பிறகு கிழக்கே

தே மியூவுக்கு நேர் பின்னால் சின்னதாக ஹுங் மியூ. மின் மாங் நகர்த்திய தாத்தாவின் கோயில், ஆனால் இப்போது நிற்பது அந்தக் கட்டடம் இல்லை. 1947 தொடக்கத்தில் பிரெஞ்சுப் படைக்கும் விடுதலைக்காகப் போரிட்ட வியட் மின் இயக்கத்துக்கும் நடந்த சண்டையில் அது எரிந்தது. பிறகு 1951-ல் கிம் லாங் பகுதியிலிருந்த ஒரு பழைய மரவீட்டைப் பிரித்துக் கொண்டுவந்து இங்கே நிறுத்தினார்கள். பத்து நிமிடம் போதும்.

நேரம் இருந்தால் வளாகத்தைக் குறுக்கே கடந்து கிழக்குப் பக்கம் போங்கள். முதலில் சொன்ன த்ரியூ மியூவும் தாய் மியூவும் எழுந்த இடங்கள் அங்கே. ஒன்பது பிரபுக்களின் தாய் மியூ ஒருகாலத்தில் தே மியூ அளவுக்குப் பெரியது, அதுவும் 1947-ல் போயிற்று. அங்கே நின்றால்தான் தே மியூ தப்பியது எவ்வளவு பெரிய விஷயம் என்று உறைக்கும். 1968-ல் வியட்நாம் போரின் டெட் தாக்குதலில் இந்த வளாகத்துக்குள் வாரக்கணக்கில் சண்டை நடந்தது, மறுபடி இடிபாடு. 1981-ல் யுனெஸ்கோ தலைவர் அமடூ-மஹ்தர் ம்போ ஹுவேயைக் காப்பாற்ற உலகத்திடம் உதவி கேட்டு வேண்டுகோள் விடுத்தார். 1993-ல் ஹுவே உலகப் பாரம்பரியச் சின்னமானது, வியட்நாமுக்கே முதலாவது. தே மியூவை அதன்பின் 1990களின் பிற்பகுதியில் பெரிய அளவில் பழுதுபார்த்தார்கள். சில இடங்களில் மரம் புதிதாக இருக்கிறதே, பழமை போய்விட்டதே என்று சிலர் குறைபடுவார்கள். ஈரமும் கரையானும் உள்ள ஊரில் மரக்கட்டடம் என்றால் மாற்றிக்கொண்டே இருந்தால்தான் நிற்கும், கட்டிய நாளிலிருந்தே அப்படித்தான் நின்றிருக்கிறது.

இதற்குப் பிறகு தாய் ஹோவா மண்டபம் போங்கள். 2021-ல் மூடிப் பழுதுபார்த்து 2024 நவம்பரில் மறுபடி திறந்தார்கள்.

படி 7: இன்னும் அரை நாள் இருந்தால் அன் லாங்

பயணத் திட்டங்களில் இது அரிதாகத்தான் வரும். து டுக், காய் டின், மின் மாங் ஆகியோரின் பெரிய கல்லறைத் தோட்டங்களுக்குப் பஸ் பஸ்ஸாகப் போவார்கள். நீங்கள் ஆற்றின் தென்கரையில், நகருக்குள்ளேயே, வீடுகளுக்கு நடுவே இருக்கும் அன் லாங்குக்குப் போங்கள். கூட்டமே இருக்காது. மூன்று நாள் அரசர் யுக் டுக்கின் கல்லறை இது. அவர் மகன்தான் தான் தாய், பேரன்தான் யுய் தான்.

தான் தாய் 1947-ல் ரீயூனியனிலிருந்து நாடு திரும்ப அனுமதி கிடைத்து, 1954-ல் சைகோனில் இறந்து, இங்கே அப்பாவின் இடத்தில் அடக்கமானார். யுய் தான் 1945 டிசம்பரில் மத்திய ஆப்பிரிக்காவில் விமான விபத்தில் இறந்தவர், அவருடைய எச்சங்களை 1987-ல்தான் கொண்டுவந்து அப்பாவின் அருகில் வைத்தார்கள். கோயிலில் பலிபீடம் கிடைத்து கால் நூற்றாண்டுக்கும் மேல் கழித்தே அவர் ஊருக்கு வந்து சேர்ந்தார். ஊதுபத்தி ஏற்ற விரும்பினால் அங்கேயே ஏற்றலாம், வழியில் எந்தக் கடையிலும் கிடைக்கும். மூன்று பேருக்கும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.